புண்ணும் புலமையும்
உளவியலார் எழுதிய தன்வரலாறுகள்: ஒரு திறனாய்வு

முன்னுரை

மனிதன் வானத்தை அளந்தான், கடலின் ஆழம் கண்டான், அணுவையும் பிளந்தான். ஆயினும், தன் உள்ளத்தை முறையான ஆய்வுக்கு உட்படுத்த அவன் முற்பட்டது மிகப் பிந்தியே ஆகும். செருமானிய நாட்டின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்லெம் வுண்ட் என்பார் 1879ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக்கூடம் நிறுவினார். உளவியல் தனித்துறையாக மலர்ந்தமைக்கு அதனையே அடையாளமாகக் கூறுவர். அன்று தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில், உலகின் பல்கலைக்கழகங்களில் மாணவர் பெரிதும் விரும்பி நாடும் துறைகளுள் ஒன்றாக உளவியல் வளர்ந்துவிட்டது.

பிற துறைகளுக்கு இல்லாத ஓர் இயல்பு இத்துறைக்கு உண்டு. கல்லை ஆராய்பவன் கல் அல்லன். விண்மீனை ஆராய்பவன் விண்மீன் அல்லன். உள்ளத்தை ஆராய்பவனுக்கோ ஆய்வுக் கருவியும் உள்ளமே. ஆய்வுப் பொருளும் உள்ளமே. ஆதலின், 'இத்துறைக்கு மக்களை ஈர்ப்பது எது?' என்னும் வினா வெறும் பொழுதுபோக்கு வினா அன்று. வந்தவன் எதற்காக வந்தான் என்பது, அவன் எதைக் காண்பான், எதைக் காணத் தவறுவான் என்பதையும் ஓரளவு முடிவு செய்துவிடுகிறது.

இவ்வினாவிற்கு மக்கள் கூறும் விடைகள் சிலவே. பிறர் மனத்தைப் படித்துவிடலாம் என்னும் ஆசை என்பர் சிலர். துன்புறுவோர்க்கு உதவும் அருள் உள்ளம் என்பர் சிலர். 'தமக்கே கோளாறு இருப்பவர்தாம் இப்படிப்பைத் தேடிப் போவர்' என்று எள்ளி நகைப்பாரும் உளர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்கு உளவியல் புதிய பாடம் அன்று. கற்றல் கோட்பாடுகள், ஊக்கம், நினைவாற்றல், தனியாள் வேறுபாடு என அவர்கள் படித்துத் தேர்வும் எழுதியிருப்பர். எனினும், தங்களிடம் பயின்ற மாணவன் ஒருவன் எஸ்.பி.எம். தேர்வையோ படிவம் ஆறையோ முடித்துவிட்டு வந்து, 'நான் உளவியல் படிக்க விரும்புகிறேன்' என்று கூறும்போது, அவனுக்கு என்ன மறுமொழி கூறுவது என்று தெரியாமல் திகைப்பவர் பலர். அத்துறையின் கோட்பாடுகளை அறிந்த அளவுக்கு, அதனை நாடிச் சென்றோரின் நெஞ்சத்தை நாம் அறிந்தோம் அல்லோம்.

அந்நெஞ்சத்தை அறிய நல்ல வழி ஒன்று உண்டு. உள்ளத்தை ஆராய்ந்த பெருமக்கள் சிலர் தம் வரலாற்றைத் தாமே எழுதி வைத்துள்ளனர். வில்லியம் ஜேம்ஸ், சிக்மண்ட் பிராய்டு, கார்ல் யுங், விக்டர் பிராங்கல், கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் ஆகிய ஐவரின் எழுத்துகளை இலக்கியமாகவும் சான்றாகவும் கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அளவுகோல்

தன்வரலாற்றை மதிப்பிடுவோர் பொதுவாக இரண்டு அளவுகோல்களைக் கையாள்வர். ஒன்று உண்மை, மற்றொன்று சுவை. உளவியலாரின் தன்வரலாற்றிற்கு மூன்றாவது அளவுகோல் ஒன்றும் வேண்டும். பிறர் உள்ளத்தின் மறைவிடங்களை ஆராய உரிமை கோரும் ஒருவர், தம் உள்ளத்தையும் பிறர் ஆராயத் திறந்து வைக்கிறாரா என்பதே அது. நோயாளியிடம் 'எதனையும் மறைக்காமல் சொல்' என்று கேட்பவர், தம் முறை வரும்போது எவ்வளவு சொல்கிறார்? தம் பட்டறிவைத் தாமே தீர்ப்பளிக்கும் வழக்காக வைத்துக்கொள்கிறாரா, அன்றிப் பிறர் சோதிக்க இடம் தருகிறாரா? இம்மூன்றாவது அளவுகோலே ஈண்டு முதன்மையாகக் கொள்ளப்படுகிறது.

முகமூடி அணிந்த வாக்குமூலம்

அமெரிக்க உளவியலின் தந்தை எனப் போற்றப்படும் வில்லியம் ஜேம்ஸ் (1842–1910) ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றவர். 1869ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார்; ஆனால் மருத்துவத் தொழில் புரியவில்லை. உடல்நலிவும் கடும் மனச்சோர்வும் அவரை வாட்டின. மனிதச் செயல் யாவும் முன்னரே வகுக்கப்பட்ட இயந்திர இயக்கம்தானோ, தன் விருப்பம் என ஒன்று உண்டோ என்னும் ஐயம் அவரை உலுக்கியது. பிரெஞ்சு மெய்யியலாளர் ரெனூவியேயின் எழுத்தைப் படித்த பின், 1870ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 30ஆம் நாள் தம் நாட்குறிப்பில் ஓர் உறுதியை எழுதினார். தன் விருப்புரிமை உண்மை என நம்புவதையே அவ்விருப்புரிமையின் முதற்செயலாகக் கொள்வதென்று அவர் துணிந்தார். ஐந்தாண்டுகளில் ஹார்வர்டில் உளவியல் கற்பிக்கலானார். தாம் கேட்ட முதல் உளவியல் விரிவுரை தாமே நிகழ்த்தியதுதான் என்று அவர் பின்னாளில் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. 1890இல் வெளிவந்த 'உளவியல் கோட்பாடுகள்' அவர் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து எழுதிய பெருநூல். பழக்கம், கவனம், விருப்பாற்றல் ஆகியவை பற்றி அந்நூல் பேசும் இடங்களில், 1870ஆம் ஆண்டின் அந்த இளைஞனது மூச்சுக் காற்று வீசுவதை உணரலாம்.

ஆயினும் திறனாய்வாளனின் கவனத்தை ஈர்க்க வேண்டியது அவருடைய பிறிதொரு நூலாகும். எடின்பரோ நகரில் 1901, 1902ஆம் ஆண்டுகளில் நிகழ்த்திய சொற்பொழிவுகளின் தொகுப்பே 'சமயப் பட்டறிவின் வகைகள்'. அதில் நோயுற்ற ஆன்மாவைப் பற்றிய பகுதியில், பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதியது எனக் கூறி ஒரு குறிப்பை எடுத்துக்காட்டுகிறார். மாலை மங்கிய வேளையில் திடீரெனப் பேரச்சம் ஒருவரைப் பற்றுகிறது. மனநோய் மருத்துவமனையில் முன்பு கண்ட இளைஞன் ஒருவனின் உருவம் அவர் கண்முன் தோன்றுகிறது. கரிய மயிரும் பசுமை படர்ந்த தோலும் உடைய அவ்விளைஞன், முழங்கால்களை முகவாயோடு அணைத்து அசைவின்றி அமர்ந்திருக்கிறான். அவன் நிலை எந்நேரமும் தமக்கும் வரலாம் என்ற எண்ணம் அவரை நடுங்க வைக்கிறது. நூலிலேயே மிக வலிமையான பகுதி இதுதான். அதனை எழுதிய 'பிரெஞ்சுக்காரர்' வேறு யாரும் அல்லர், ஜேம்ஸ்தாம். இவ்வுண்மையை அவர் தம் நூலைப் பிரெஞ்சில் பெயர்த்தவரிடம் ஒப்புக்கொண்டார். அவர் மறைந்த பின் உலகமும் அறிந்தது.

இதனைக் கோழைத்தனம் எனக் கடிதல் எளிது. ஆனால், அக்காலத்தில் ஒரு பேராசிரியர் தமக்கு நேர்ந்த மனக்கலக்கத்தை அவையில் கூறியிருப்பின், கேட்டோர் அவர் கருத்தை விடுத்து அவரையே நோயாளியாகப் பார்த்திருப்பர். முகமூடி அணிந்தாவது உண்மையைக் கூறியது அவர் நேர்மை. முகமூடி தேவைப்பட்டது அவர் காலத்தின் குறை. ஜேம்ஸை இத்துறைக்கு இழுத்து வந்தது உள்ளப்புண்ணே என்பதில் ஐயமில்லை. அப்புண்ணை அவர் தம் பெருமைக்குரிய பதக்கமாக அணியவும் இல்லை. வெளியே காட்டவும் துணியவில்லை.

அறியும் வேட்கை

பிராய்டு (1856–1939) எழுதிய தன்வரலாற்று ஆய்வுரை 1925ஆம் ஆண்டில் மருத்துவர் பலரின் தன்வரலாறுகள் அடங்கிய வரிசை ஒன்றில் வெளிவந்தது. மற்றவரின் குழந்தைப் பருவத்தைத் துருவித் துருவி ஆராய்ந்தவர், தம் குழந்தைப் பருவத்தை அந்நூலில் ஒரு சில வரிகளில் கடந்து செல்கிறார். அது மனிதனின் வரலாறு என்பதைவிடக் கோட்பாட்டின் வரலாறு என்பதே பொருந்தும். நடை தெளிவானது, வாதம் ஒழுங்கானது, ஆனால் வீட்டுக்குள் அழைக்காமல் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பும் உபசாரம் போன்றது.

எனினும், 'ஈர்ப்பது எது?' என்னும் நம் வினாவிற்கு அந்நூல் துணிவான விடை ஒன்றைத் தருகிறது. மருத்துவராக வேண்டும் என்ற தனி விருப்பம் இளமையில் தமக்கு இருந்ததில்லை என்கிறார் பிராய்டு. தம்மை உந்தியது அறியும் வேட்கையே என்றும், அது இயற்கைப் பொருள்களைவிட மாந்தர் வாழ்வின் மீதே சென்றது என்றும் குறிக்கிறார். டார்வினின் கோட்பாடு அவரைக் கவர்ந்தது. கெதே எழுதியதாக அன்று கருதப்பட்ட 'இயற்கை' என்னும் கட்டுரை ஒரு பொதுச் சொற்பொழிவில் படிக்கப்படக் கேட்டதே மருத்துவக் கல்வியைத் தேர்ந்தெடுக்கத் தூண்டியது. துன்புறும் மனித குலத்திற்கு உதவ வேண்டும் என்ற ஏக்கம் இளமையில் தமக்கு இருந்ததாக நினைவில்லை என்று 1927ஆம் ஆண்டிலும் எழுதினார். மருத்துவர் உணர்ச்சிவயப்படாமல், முறை பிறழாமல், அமைதியாகப் பணியாற்றுவதே நோயாளிக்கு நலம் என்பது அவர் கருத்து.

தொண்டு, அருள், பரிவு என்னும் சொற்களையே கேட்டுப் பழகிய செவிகளுக்கு இக்கூற்று கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் இதில் பேருண்மை ஒன்று அடங்கியுள்ளது. உதவியே தீர வேண்டும் என்று துடிப்பவன், எதிரில் இருப்பவன் பேசி முடிக்குமுன் அறிவுரை கூறத் தொடங்கிவிடுவான். அறிய வேண்டும் என்ற வேட்கை உடையவனோ பொறுமையோடு கேட்பான். கேட்கப்படுவதே பல நேரங்களில் முதல் மருந்தாகிவிடுகிறது.

ஆனால் பிராய்டின் விடை முழுமையானது அன்று. அதனை நிறைவு செய்யும் வரிகள் அவருடைய வேறொரு நூலில் உள்ளன. அவர் தந்தை 1896ஆம் ஆண்டில் காலமானார். அடுத்த ஆண்டில் பிராய்டு தம்மைத் தாமே பகுப்பாய்வு செய்யலானார். 1899ஆம் ஆண்டின் இறுதியில், 1900 என ஆண்டு பொறிக்கப்பட்டு, 'கனவுகளின் விளக்கம்' வெளிவந்தது. அந்நூல் தம் தற்பகுப்பாய்வின் ஒரு பகுதியே என்பதையும், தந்தையின் மறைவுக்குத் தம் உள்ளம் காட்டிய எதிர்வினையே என்பதையும் எழுதி முடித்த பின்னரே உணர்ந்ததாக, இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அவர் கூறுகிறார். தன்வரலாறு எனப் பெயரிட்ட நூலில் மறைந்து நின்றவர், கனவு நூலில்தான் வெளிப்படுகிறார். அறியும் வேட்கைக்கு அடியிலும் ஓர் இழப்பு இருந்தது என்பதற்கு அவரே சான்றாகிறார்.

பள்ளியில் கற்ற முதற்பாடம்

சுவிட்சர்லாந்து நாட்டவரான யுங் (1875–1961) சமயப் போதகர் ஒருவரின் மகன். அவருடைய 'நினைவுகள், கனவுகள், சிந்தனைகள்' என்னும் நூல் அவர் மறைந்த மறு ஆண்டில் வெளியாயிற்று. இளமைப் பருவத்தைப் பற்றிய பகுதிகளை அவரே எழுதினார். ஏனையவற்றில் பெரும்பகுதி அவர் செயலாளர் அனியேலா யாஃபே அவரோடு உரையாடித் தொகுத்தவை.

இந்நூலில் ஆசிரியர் அனைவரும் படிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. யுங்குக்குப் பன்னிரண்டு வயது. பாசல் நகரில் பள்ளி விட்டுத் திரும்பும் வழியில் இன்னொரு மாணவன் தள்ளிவிட, அவர் கீழே விழுந்து தலையில் அடிபடுகிறார். அந்நொடியே, 'இனிப் பள்ளிக்குப் போக வேண்டியதில்லை' என்ற எண்ணம் மின்னுகிறது. அதன்பின் பள்ளிக்கு அனுப்ப முயன்றபோதெல்லாம், வீட்டுப்பாடம் எழுத வைத்தபோதெல்லாம் மயக்கம் வந்தது. ஆறு மாதங்களுக்கும் மேலாக வீட்டிலேயே கழித்தார். ஒருநாள் தந்தை நண்பரிடம், 'கையில் இருந்ததும் செலவாகிவிட்டது. இவன் தன் பிழைப்பைத் தானே தேட இயலாமற்போனால் என்ன ஆவான்?' என்னும் பொருள்பட வருந்திப் பேசுவதை மறைந்திருந்து கேட்டார். சிறுவனின் நெஞ்சு திடுக்கிட்டது. உடனே புத்தகத்தை எடுத்து அமர்ந்தார். மயக்கம் வந்தது, விடவில்லை. மீண்டும் வந்தது, அப்போதும் விடவில்லை. முடிவில் மயக்கமே தோற்றது. உளநோய் என்பது என்ன என்று தாம் கற்றது அப்போதுதான் என்கிறார் யுங்.

வகுப்பில் அடிக்கடி வயிற்றுவலி என்று கூறும் குழந்தையை, 'நடிக்கிறான்' என்று ஒதுக்கும் ஆசிரியரும் உண்டு. 'நோயாளி' என்று வீட்டுக்கு அனுப்பும் ஆசிரியரும் உண்டு. அக்குழந்தை பொய் சொல்லாமலேயே தன்னை ஏமாற்றிக்கொள்ள இயலும் என்பதை இப்பகுதி காட்டுவது போலப் பாடநூல்கள் காட்டுவதில்லை. மருத்துவத் தேர்வுக்காகக் கிராஃப்ட்-எபிங்கின் மனநோய் மருத்துவ நூலைப் புரட்டியபோது, அதன் முன்னுரையே தம் நெஞ்சைப் படபடக்கச் செய்ததாகவும், தம் வழி இதுவே என அக்கணம் தெளிந்ததாகவும் யுங் வரைகிறார். அறிவியலையும் ஆன்மிகத்தையும் ஒருங்கே தேடிய உள்ளத்திற்கு இரண்டும் சந்திக்கும் இடம் கிடைத்துவிட்டது. 1900ஆம் ஆண்டு இறுதியில் சூரிச் நகரின் புர்க்ஹோல்ஸ்லி மனநோய் மருத்துவமனையில் பணியேற்றார்.

ஐந்து நூல்களுள் சுவை மிக்கது இதுவே. ஆனால் நம் மூன்றாவது அளவுகோல் கொண்டு நோக்கின், இங்கே குறை ஒன்று புலப்படுகிறது. தம் அக வாழ்வின் நிகழ்வுகளே சொல்லத்தக்கவை எனத் தொடக்கத்திலேயே யுங் அறிவித்துவிடுகிறார். ஆதலின், மனைவி, மக்கள், நண்பர், பகைவர் ஆகியோர் நிழல்களாய்க் கடந்து செல்கின்றனர். யுங்கின் கனவுக்கு யுங்கே சாட்சி, யுங்கே நீதிபதி. மயக்கத்தை வென்ற சிறுவனின் கதை நம்மை நம்ப வைப்பதற்குக் காரணம், அங்கே ஏழைத் தந்தையின் கவலைக் குரல் கேட்கிறது. பிற்பகுதியில் அத்தகைய மாற்றார் குரல் அருகிவிடுகிறது.

எழுந்து நின்று கேட்ட மாணவன்

வியன்னா நகரில் 1905ஆம் ஆண்டில் பிறந்த பிராங்கலின் கதை வகுப்பறையில் தொடங்குகிறது. வாழ்க்கை என்பது முடிவில் ஓர் எரிதல் நிகழ்ச்சியே என்று அறிவியல் ஆசிரியர் கூற, மாணவராயிருந்த பிராங்கல் எழுந்து நின்று, 'அப்படியாயின் வாழ்க்கைக்குப் பொருள்தான் என்ன?' என்று கேட்டாராம். அவ்வினாவே அவர் வாழ்நாள் ஆய்வாயிற்று. பள்ளி மாணவராக இருந்தபோதே பிராய்டுடன் கடிதத் தொடர்பு கொண்டார். பின்னர் ஆட்லரின் குழுவில் சேர்ந்து, அங்கிருந்தும் 1927இல் விலக்கப்பட்டார். 1928 முதல் வியன்னாவில் இளைஞர்க்கு இலவச ஆலோசனை நிலையங்கள் அமைக்க உழைத்தார். தேர்ச்சி அறிக்கை வழங்கப்படும் காலத்தில் மாணவர்கள் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொள்ளாமல் காப்பதில் அந்நிலையங்கள் தனிக்கவனம் செலுத்தின.

நாசிகளின் ஆட்சியில் யூதர்கள் வேட்டையாடப்பட்ட வேளையில், அமெரிக்கா செல்லும் விசா அவருக்குக் கிடைத்தது. முதிய பெற்றோரை விட்டுச் செல்ல மனமின்றி அதனைப் பயன்படுத்தாது விட்டார். 1942இல் குடும்பத்தோடு தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கும், 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமுக்கும், பின் டாக்காவைச் சார்ந்த சிறு முகாம்களுக்கும் கொண்டு செல்லப்பட்டார். 1945 ஏப்ரலில் விடுதலை பெற்றபோது பெற்றோரும் உடன்பிறந்தானும் மனைவியும் உயிருடன் இல்லை. மறு ஆண்டு அவர் வெளியிட்ட சிறுநூலே பின்னர் ஆங்கிலத்தில் 'மேன்ஸ் சர்ச் ஃபார் மீனிங்' எனப் பெயர் பெற்று உலகெங்கும் பரவியது. தம் பெயரின்றிக் கைதி எண்ணோடு மட்டும் அதனை வெளியிடவே அவர் முதலில் எண்ணியிருந்தார்.

இந்நூலின் பெருமை அதன் அடக்கத்தில் உள்ளது. பெருங்கொடுமைகளைக் கூவி உரைக்காமல், ஒரு ரொட்டித் துண்டு, ஒரு கிழிந்த காலணி, ஒரு காலைக் கதிரவன் எனச் சிறு பொருள்கள் வழியாகவே முகாம் வாழ்வைக் காட்டுகிறது. ஆனால் ஒன்றை மறத்தல் ஆகாது. பிராங்கலின் கோட்பாடு முகாமில் பிறந்தது அன்று. அதற்கு முன்னரே அவர் எழுதி வைத்த கையெழுத்துப்படி ஆஷ்விட்ஸில் பறிபோயிற்று. முகாம் அக்கோட்பாட்டிற்குச் சோதனைக்களம். அச்சோதனையின் முடிவை அறிவித்தவரும் அவரேயாவர். வாழ்வில் பொருள் கண்டவன் தாங்கி நின்றான் என்ற கூற்றை அவசரமாகப் படிப்போர், மாண்டவர்கள் பொருள் காணாதவர்கள் எனப் பிழைபட எண்ணக்கூடும். அப்பிழையை முன்னுணர்ந்தே, தம்முள் மிகச் சிறந்தோர் திரும்பவில்லை என்று நூலின் தொடக்கத்திலேயே பிராங்கல் எழுதி வைத்தார். அவ்வொரு வரி இல்லாதிருப்பின், இந்நூல் வெறும் நம்பிக்கை உரையாகச் சுருங்கியிருக்கும்.

மறைக்காத ஏடு

ஜேமிசன் 1946ஆம் ஆண்டில் பிறந்த அமெரிக்க உளவியலாளர். அவருடைய தந்தை விமானப்படையில் வானிலை ஆய்வாளராக இருந்தார். பதின்ம வயதிலேயே எல்லையில்லா எழுச்சியும் அதளபாதாளச் சோர்வும் அவரை மாறி மாறி ஆட்கொண்டன. 1974ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், மனநோய் மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். மூன்றே மாதங்களில் இருதுருவ மனநோயின் கடும் எழுச்சி அவரை ஆட்கொண்டது. எந்நோயைப் பற்றி மாணவர்க்குக் கற்பித்தாரோ, அந்நோயே அவர் நோய்! 1990இல் வேறொரு மருத்துவருடன் இணைந்து அந்நோய் குறித்துப் பெரும் பாடநூல் எழுதினார். 1995இல் 'ஆன் அன்கொயட் மைண்ட்' என்னும் தன்வரலாற்றை வெளியிட்டு, தாமும் அந்நோய்க்கு ஆளானவர் என உலகிற்கு அறிவித்தார்.

ஜேம்ஸ் அணிந்த முகமூடியை ஜேமிசன் கழற்றி எறிந்தார் எனலாம். இதன் விளைவு யாதாகும் என்பதை அவர் அறியாதவர் அல்லர். உடன் பணிபுரிவோர் தம்மை எவ்வாறு நோக்குவர், நோயாளிகளுக்கு மருத்துவம் செய்யும் உரிமை என்னவாகும் என்ற அச்சங்களையும் ஒளிக்காமல் எழுதுகிறார். அவற்றினும் அரியது, தம் பிழையை அவர் கூறும் முறை. லித்தியம் என்னும் மருந்தை ஒழுங்காக உட்கொள்ள வேண்டும் என்று பிறர்க்குக் கற்பித்தவர், தாம் அதனைப் பலமுறை நிறுத்திவிட்டார். அதன் விளைவாக நோய் முற்றியது. தம் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். 'அறிந்தவர்க்கு இது நேருமா?' என்று கேட்போர்க்கு அந்நூல் நேர்மையான விடை தருகிறது. நோயைப் பற்றிய அறிவு வேறு. நோயை ஏற்கும் மனம் வேறு. அறிவு அவருக்கு எளிதில் வந்தது. ஏற்பு வருவதற்கு ஆண்டுகள் பல ஆயின.

இந்நூலிலும் குறை இல்லாமல் இல்லை. எழுச்சிக் காலத்தை வருணிக்கும்போது நடை தானும் எழுச்சியுற்று, நோயை அழகுபடுத்திவிடுகிறது. தேர்ந்தெடுக்கும் உரிமை தரப்பட்டால் இந்நோயையே தேர்வேன் என்று இறுதியில் அவர் கூறுவது இளம் வாசகரை மயக்கக்கூடும். ஆனால், லித்தியம் கிடைப்பதாகவும் தமக்கு அது பயன் தருவதாகவும் இருந்தால் மட்டுமே என்னும் நிபந்தனையையும் அவர் உடன் சேர்க்கிறார். அந்நிபந்தனையை விட்டுவிட்டு அக்கூற்றை மேற்கோள் காட்டுவோர் அவருக்கும் நோயாளிக்கும் தீங்கிழைப்பவராவர்.

ஒப்புநோக்கு

ஐவரையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது சில உண்மைகள் தெளிவாகின்றன.

முதலாவதாக, பிறர் மனத்தைப் படித்துவிடலாம் என்னும் ஆசையால் வந்தவர் இவர்களுள் ஒருவரும் இலர். ஜேம்ஸ் தம் அச்சத்தோடு வந்தார். பிராய்டு தம் வேட்கையோடு வந்தார். யுங் தம்முள் பிளவுண்ட இரு நாட்டங்களோடு வந்தார். பிராங்கல் ஒரு கேள்வியோடு வந்தார். ஜேமிசன் தாமே பெயரறியாத ஒரு புயலோடு வந்தார். பிறரைப் பற்றிய அறிவு அவர்களுக்குப் பின்னரே வாய்த்தது.

இரண்டாவதாக, 'தமக்கே கோளாறு இருப்பவர்தாம் இப்படிப்பைத் தேடுவர்' என்னும் ஏளனத்தில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அவ்வுண்மை ஏளனத்திற்கு உரியது அன்று. தாகம் எடுத்தவனே கிணற்றைத் தேடுவான். காலில் முள் தைத்தவன் பாதையைக் குனிந்து பார்ப்பதைப் பிறர் எள்ளுவது அறமாகாது.

மூன்றாவதாக, இதன் மறுபக்கத்தையும் துணிந்து கூறுதல் வேண்டும். புண் ஒருவரை இத்துறையின் வாயில்வரை கொண்டு வந்து நிறுத்தும். அதுவே புலமை ஆகிவிடாது. இக்காலத்தில், தாம் பட்ட துன்பத்தையே தகுதிச் சான்றிதழாகக் காட்டிப் பிறர்க்கு அறிவுரை வழங்கும் போக்கு பெருகியுள்ளது. மேற்கண்ட நூல்கள் அதற்கு இடம் தருவன அல்ல. ஜேம்ஸின் அச்சத்திற்கும் அவர் பெருநூலுக்கும் இடையில் இருபது ஆண்டுகள் உள்ளன. ஜேமிசனின் முதற்பெரும் நோய்த்தாக்கத்திற்கும் தன்வரலாற்றிற்கும் இடையில் இருபத்தோர் ஆண்டுகள் உள்ளன. அந்த ஆண்டுகளில் அவர்கள் கற்றனர், கற்பித்தனர், பிறர் நோயைக் கண்டனர், தம் கருத்தைத் திருத்தினர். தன் புண்ணையே நோக்கியிருப்பவன் பிறன் புண்ணிலும் தன்னையே காண்பான். அவனிடம் செல்லும் துன்பப்பட்டோர் கேட்கப்படாமலேயே திரும்புவர்.

இலக்கியச் சுவையால் யுங்கின் நூலும், அடக்கத்தால் பிராங்கலின் நூலும் உயர்ந்து நிற்கின்றன. ஆயினும், தம்மைப் பிறர் சோதிக்க இடம் தரும் நேர்மை என்னும் அளவுகோலால் ஜேமிசனின் நூலுக்கே முதலிடம் தரல் தகும். தம் கூற்றுக்குத் தாமே சாட்சியாகாமல், மருத்துவரின் சொல்லையும் மருந்தின் விளைவையும் உற்றாரின் கவலையையும் தம்மோடு வழக்காட விட்டவர் அவரே.

முடிவுரை

உளவியல் பயில விரும்பும் இளைஞனிடம் பெற்றோரும் ஆசிரியரும் முதலில் கேட்பது, 'இதில் வேலை கிடைக்குமா?' என்பதாக உள்ளது. அதுவும் கேட்கத்தக்கதே. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டியது வேறொன்று உண்டு. 'நீ எதனைத் தேடுகிறாய்?' என்று கேட்டுவிட்டு, அவன் சொல்லும் வரை பொறுத்திருத்தல் வேண்டும். வீட்டில் ஒருவர் நோயுற்றதைக் கண்டேன் என்று அவன் கூறலாம். காரணமின்றி அழுகை வருகிறது என்று கூறலாம். மனிதர் ஏன் இப்படி நடக்கிறார்கள் என்று வியப்பாக உள்ளது என்றும் கூறலாம். மூன்றும் மதிக்கத்தக்க விடைகளே. முதல் இரண்டைக் கூறுபவனுக்குப் படிப்போடு துணையும் தேவைப்படலாம். சில வேளை படிப்புக்கு முன்னரே தேவைப்படலாம். பட்டப்படிப்பு மருத்துவத்திற்கு மாற்றாகாது என்பதை அன்போடு அவனுக்கு உணர்த்துதல் பெரியோர் கடமை. மூன்றாவது விடையைக் கூறுபவனிடம், அவ்வியப்பை இழந்துவிடாதே என்று சொல்லி வாழ்த்தி அனுப்பலாம்.

அறிவியல் ஆசிரியரை எழுந்து நின்று வினவிய அந்த வியன்னா மாணவனை, 'உட்கார்' என்று அதட்டி அடக்கியிருக்கவும் கூடும். அத்தகைய வினாக்கள் இன்றும் வகுப்பறைகளில் எழுகின்றன. பெரும்பாலும் வாய்விட்டுக் கேட்கப்படாமல், கடைசி வரிசையில் தலைகுனிந்த முகங்களில் எழுகின்றன. அவற்றைக் காணும் கண் ஆசிரியர்க்கு வாய்க்குமாயின், ஆசிரியர் பயிற்சியில் கற்ற உளவியல் தேர்வுத்தாளோடு முடிந்துவிடாது.